பட்டியலில் இல்லாத முப்பத்தேழு பேர்

கொட்டாஞ்சேனை
கொழும்பு
22.01.2023

அன்புள்ள தம்பி ஜீவராஜுக்கு,

அக்கா பாக்கியம் எழுதுகிறேன். நானும் என் பிரஷர் மாத்திரையும் சண்டையில்லாமல் இருக்கிறோம். உன் முழங்கால் எப்படி? நிஷாந்தி சுகமா? மகள் ஒழுங்காகப் படிக்கிறாளா?

ஜெயித்துவிட்டேன் தம்பி. முதல் வரியிலேயே அதை எழுதியிருக்க வேண்டும். சுகம் விசாரிக்காமல் எழுதினால் நீ கோபிப்பாய் என்று அடக்கிக்கொண்டேன்.

வெள்ளவத்தையில், ரயில் பாதைக்குப் பக்கத்து மண்டபத்தில்தான் பொதுக்கூட்டம். நம்முடைய கிராமத் தபால் ஊழியர் சங்கத்துக்கு வழக்குப் பேசும் இராஜநாயகம் ஐயா முடிவை வாசித்தார். "தலைவர் பதவிக்கு" என்றதுதான் கேட்டது. அந்த நேரம் பார்த்து மாத்தறை ரயில் போனது. ஐயாவின் வாய் மட்டும் அசைகிறது. மண்டபம் முழுக்க எழுந்து நின்று "திரும்ப வாசியுங்க" என்றது. முப்பத்தொரு வாக்கு வித்தியாசம். இந்தச் சங்கத்துக்கு ஒரு பெண் தலைவியானது இதுதான் முதல் தடவை. தேயிலைத் தோட்டத்திலிருந்து ஓர் ஆள் வந்ததும் இதுதான் முதல் தடவை.

என்னைப் பேசச் சொன்னார்கள். எழுதி வைத்திருந்த தாள் கையில் இருந்தும் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. மனதில் இருந்ததைச் சொன்னேன். நாடு முழுக்க இருநூற்றுப் பதினான்கு பேர், லீவில் போனவருக்குப் பதிலாக வரும் 'பதில் தபால்காரர்' என்ற பெயரில் தினமும் முழு வேலை செய்கிறார்கள். லீவு இல்லை, ஓய்வூதியம் இல்லை, நாளைக்கு வராதே என்றால் கேட்க நாதி இல்லை. அத்தனை பேருக்கும் நிரந்தர நியமனம் வாங்குவேன், ஓர் ஆளை விட்டுவிட்டும் கையெழுத்து வைக்கமாட்டேன் என்றேன். சொல்லும்போது உன் முகம்தான் கண்ணில் நின்றது.

எனக்கு அறை தந்திருக்கும் கொன்ஸ்ரன்ஸ்தான் சங்கத்தின் பொருளாளர். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள், கணக்குப் பார்க்கச் சங்கம் வெளியிலிருந்து அழைத்த ஆள். அவள் கட்டிப்பிடித்ததில் என் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்துவிட்டது. மறுநாள் விடியற்காலையில் மாதா கோயிலுக்குக் கூட்டிப்போய் எனக்காக மெழுகுதிரி கொளுத்தினாள். நம் மாரியம்மனும் கோபிக்கமாட்டாள் என்று நானும் ஒன்று கொளுத்தினேன்.

உன் அன்பு அக்கா,
பாக்கியலெட்சுமி

ஆனைப்பாறைத் தோட்டம், கீழ்ப் பிரிவு
05.02.2023

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி ஜீவராஜ் எழுதுவது. நாங்கள் மூவரும் சுகம். முழங்கால் ஏற்றத்தில் வலிக்கிறது, இறக்கத்தில் வலிக்கிறது, சமதரையில் வலி இல்லை. இந்தத் தோட்டத்தில் சமதரை எங்கே இருக்கிறது? மாத்திரையை மறக்காதீர்கள்.

உங்கள் கடிதம் வந்த பையை நான்தான் சுமந்தேன். பையில் பார்த்துவிட்டேன், ஆனால் கடமை நேரத்தில் சொந்தக் கடிதத்தை உடைக்கக்கூடாதே. நாற்பத்திரண்டு வீடும் போய் முடிந்து, என் வீட்டு வாசலில் நின்று நானே எனக்கு டெலிவரி பண்ணினேன். நிஷாந்தி வாங்கி வாசித்துவிட்டு அழுதாள். பிறகு கோழி அடித்தாள்.

தபாலகத்தில் மக்கீன் சேர் எல்லாருக்கும் வட்டிலப்பம் கொண்டுவந்தார். உப தபாலதிபராக இருபது வருஷத்தில் இப்படி ஒரு நாளைக் கண்டதில்லையாம். நாங்கள் நான்கு பதில் ஆட்களும் அவர் மேசையைச் சுற்றி நின்று சாப்பிட்டோம். சின்னவன் சிவானந்தன் இப்போதே நிரந்தர ஆள் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறான்.

நீங்கள் இருபத்தொரு வருஷம் நடந்த பாதையில்தான் நான் பதினேழு வருஷமாக நடக்கிறேன். எனக்கு வைகாசியில் நாற்பத்தாறு முடிகிறது. நியமனத் தாளைக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும் அக்கா. வேறு ஆசை இல்லை.

அன்புத் தம்பி,
ஜீவராஜ்

கொட்டாஞ்சேனை
08.03.2023

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் எல்லோருக்கும் என் அன்பு. முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கச் சொல்லி நிஷாந்தியிடம் சொல். நான் நல்லபடியாக இருக்கிறேன், கால் மட்டும் தரையில் நிற்பதில்லை.

மேலிடத்தோடு நான்கு தரம் கதைத்துவிட்டோம். (பார், 'பேசினோம்' போய் 'கதைத்தோம்' வந்துவிட்டது. கொட்டாஞ்சேனைக் காற்று.) முதல் தரம் கதிரை கூடத் தரவில்லை. இரண்டாம் தரம் கதிரை தந்தார்கள், ஆள் வரவில்லை. நான்காம் தரம் ஒரு மேலதிகாரி வந்து சிரித்துக்கொண்டே, "பதில் ஆட்கள் என்றால் தற்காலிகம்தானே நோனா" என்றார். எங்கள் ஆட்களில் ஒருவர் இருபத்தாறு வருஷமாகத் தற்காலிகம் என்றேன். சிரிப்பு நின்றது.

வரும் பதினைந்தாம் திகதி முதல் பணிப்பகிஷ்கரிப்பு. நேற்று வெள்ளவத்தையில் கைகளை உயர்த்தச் சொன்னபோது கீழே இறங்கிய கை ஒன்றும் இல்லை. புத்தளத்து ஜவாத் இரண்டு கையையும் தூக்கினார். சிங்களத் தம்பிமார் பாட்டுக் கட்டிவிட்டார்கள், அதில் என் பெயரும் வருகிறது. பாக்கியலெட்சுமி என்று அவர்களுக்கு வாயில் வரவில்லை. 'பாக்யா அக்கே' ஆகிவிட்டேன்.

மலைப்பக்கம் ஓர் ஆளும் உடையக்கூடாது. அது உன் பொறுப்பு.

அக்கா

ஆனைப்பாறை
26.03.2023

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். போராட்டத்தால் என் முழங்காலுக்கு நல்ல ஓய்வு. ரேடியோவில் உங்கள் குரல் கேட்டோம். தொண்டை கட்டியிருக்கிறது, மல்லித்தண்ணீர் குடியுங்கள். இந்தக் கடிதத்தை லொறிக்காரர் ஒருவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். போராட்டத்தில் நம் தபாலையே நாம் பாவிக்கலாமா?

பன்னிரண்டாம் நாளும் உடையாமல் நிற்கிறோம். கொழுந்து எடுக்கும் பெண்கள் பால் விடாத தேயிலைச் சாயமும் ரொட்டியும் கொண்டுவந்து தபாலக வாசலில் தருகிறார்கள். தோட்டத்துத் துரையின் ஜீப் வந்து நின்றது. கம்பனிக் கடிதங்களை மட்டுமாவது தரச் சொன்னார். சிவானந்தன் கைகட்டி, "எல்லாருக்கும் சேர்த்துத்தான் தருவோம் சேர்" என்றான். அவனா அப்படிப் பேசியது என்று எனக்கே ஆச்சரியம்.

ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். பையைக் கட்டி வைக்கும்போது ஆஸ்பத்திரிக் கடிதம் ஒன்று கண்ணில் பட்டது. ஒரு பிள்ளைக்கு இருதயச் சத்திரசிகிச்சைக்குத் திகதி. மூன்று நாளில் போக வேண்டும். மக்கீன் சேர் அந்தப் பக்கம் திரும்பி நின்றார். நான் அந்த ஒரு கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சங்கம் என்ன தண்டனை தந்தாலும் ஏற்கிறேன் தலைவி.

தம்பி ஜீவராஜ்

கொட்டாஞ்சேனை
09.04.2023

அன்புள்ள தம்பிக்கு,

அந்தக் கடிதத்தைக் கொடுக்காமல் இருந்திருந்தால்தான் தண்டனை. அந்தப் பிள்ளை தேறிவிட்டதா?

போராட்டம் நேற்று முடிந்தது. இருபத்துநான்கு நாள். நூற்று எழுபத்தேழு பேருக்கு நிரந்தர நியமனம். கையெழுத்து வைத்தாகிவிட்டது. ஜம்பட்டா வீதி நெடுகப் பட்டாசு. கொன்ஸ்ரன்ஸ் லவ் கேக் வெட்டி, தெருவில் போன ஓட்டோக்காரர்களுக்கும் கொடுத்தாள். சிங்களப் பெண் ஒருத்தி என் காலில் விழப் பார்த்தாள், பிடித்துத் தூக்கினேன். பதினாறு வருஷமாகப் பதில் ஆளாம் அவள். அவள் மகிழ்ச்சியை நீ பார்த்திருக்க வேண்டும்.

பட்டியலில் சில பேர் இன்னும் சேரவில்லை. விவரம் பிறகு எழுதுகிறேன். நிஷாந்திக்கும் மகளுக்கும் புதுவருஷ வாழ்த்து.

அக்கா

ஆனைப்பாறை
23.04.2023

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். பிள்ளையும் சத்திரசிகிச்சை முடிந்து வீடு வந்துவிட்டது. நீங்கள் தூங்குகிறீர்களா, சாப்பிடுகிறீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை.

இங்கே திருவிழாதான். லயத்து வீடுகளில் என்னைக் கண்டவர்கள் எல்லாம் கைகொடுக்கிறார்கள். நிஷாந்தி என் காக்கிச் சட்டைக்குப் புதுப் பொத்தான் தைத்துவிட்டாள், நியமனத்துக்கு நல்ல சட்டை வேண்டுமாம்.

ஒரு சின்னச் சந்தேகம். வயது எல்லை நாற்பத்தைந்து என்று வைத்திருப்பதாக மக்கீன் சேர் சொல்கிறார். அவருக்குக் கிடைத்த தகவல் பிழையாகவும் இருக்கலாம். ஒரு வரி எழுதுங்கள் போதும்.

தம்பி

கொட்டாஞ்சேனை
12.05.2023

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பிள்ளை வீடு வந்தது பெரிய சந்தோஷம். எனக்குக் கொஞ்சம் பிரஷர் கூடி, பொரளை ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டினேன். பயப்பட ஒன்றுமில்லை. இங்கே நல்ல மழை. இராஜநாயகம் ஐயாவோடு சில தாள் வேலை இருக்கிறது, வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் அலைகிறேன். மகள் பரீட்சைக்கு என்ன எடுக்கப்போகிறாள் என்று எழுது.

அக்கா

ஆனைப்பாறை
04.06.2023

அக்காவுக்கு,

வெள்ளிக்கிழமை மூன்று பதிவுக் கடிதம் வந்தது. நீள உறை, அரச முத்திரை. மூன்றும் என் பாதையில் குடியிருக்கிற ஆட்களுக்கு. மக்கீன் சேர் பையைத் திரும்பத் திரும்ப உதறிப் பார்த்தார். நான்காவது இல்லை.

வேறு ஆளை அனுப்புகிறேன் என்றார். என் பாதை, நானே போகிறேன் என்றேன். கடைசியாக சிவானந்தன் வீடு. அவன் வேலைக்கு வந்து ஆறு வருஷம். எந்தக் கதவில் நாய் இருக்கிறது, எந்தக் கதவில் கடிதத்தை வாசித்தும் காட்ட வேண்டும் என்று அவனுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். கையெழுத்துப் போட்டு வாங்கியவன் என் பையைப் பார்த்தான். "உங்களோடது எங்கண்ணே" என்றான். சிரித்தேன். வேறு என்ன செய்ய?

அதைத் தாங்கிக்கொண்டேன். நேற்று மக்கீன் சேர் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. பேச்சுவார்த்தையில் குறிப்பெடுத்த கிளார்க் அவருக்கு உறவு. என் பெயரை விசேடமாகச் சேர்க்க மேலதிகாரி சம்மதித்தாராம். நீங்களே உங்கள் பேனாவால் அதை வெட்டினீர்களாம்.

உண்மையா?

ஜீவராஜ்

கொட்டாஞ்சேனை
11.06.2023

அன்புள்ள தம்பிக்கு,

உண்மை.

இருபத்தோராம் நாள் அது. மேலதிகாரி குறிப்பெடுக்கும் கிளார்க்கை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவர்களைத் தேநீருக்கு அனுப்பிவிட்டு ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். வயது எல்லையால் முப்பத்தேழு பேர் வெளியே. கீழே 'விசேட அனுமதி' என்று ஒரே ஒரு பெயர், உன்னுடையது. "நோனாவின்ட குடும்பத்துக்கும் ஏதாவது செய்ய வேணும்தானே" என்றார். ஆட்களைச் சம்மதிக்க வைத்துப் போராட்டத்தை முடித்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் விலை.

நான் பேனாவை எடுத்து உன் பெயரை வெட்டினேன். "மற்ற முப்பத்தாறு பேரும் யாருடைய தம்பிமார்?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தேன். 

அதோடு முடிந்திருந்தால் உனக்கு அன்றே எழுதியிருப்பேன். மூன்று நாள் கழித்து வெள்ளவத்தையில் வாக்கெடுப்பு. தொடர்ந்து நிற்போம் என்று நான் கெஞ்சினேன். ஆட்கள் களைத்துவிட்டார்கள், வீடுகளில் பிள்ளைகள். நூற்று நாற்பத்துமூன்று பேர் ஏற்போம் என்றார்கள், ஐம்பத்தெட்டுப் பேர் வேண்டாம் என்றார்கள். ஓர் ஆளையும் விடமாட்டேன் என்று நான் சொன்ன அதே மேடையில் கையெழுத்து வைத்தேன். அந்த ஒரு வரியை வெட்டாமல் விட்டிருந்தாலும் போராட்டம் இப்படித்தான் முடிந்திருக்கும், நீ நிரந்தரமாகியிருப்பாய். அதை நினைத்துத்தான் உனக்கு எழுதக் கை வரவில்லை.

வெட்டியது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். உன்னைக் கேட்காமல் வெட்டியது தவறு. சொல்லாமல் மறைத்தது அதைவிடத் தவறு. அக்கா என்பதால் மன்னித்துவிடாதே.

ஒன்று மட்டும் இருக்கிறது. விடுபட்டவர்கள் ஆறு மாதத்துக்குள் மேன்முறையீடு செய்யலாம் என்று ஒரு வரியை இராஜநாயகம் ஐயா ஒப்பந்தத்தில் நுழைத்துவிட்டார். ஒவ்வொருவரும் எத்தனை வருஷம் வேலை செய்தார்கள் என்பதற்குச் சான்று வேண்டும். முப்பத்தேழு பேரின் விலாசத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். கிழித்துப் போட்டாலும் சரி.

அக்கா

ஆனைப்பாறை
30.07.2023

கௌரவ தலைவி அவர்களுக்கு,

ஒப்பந்தத்தில் விடுபட்ட முப்பத்தேழு ஊழியர்களின் குழு சார்பாக எழுதுவது.

எங்கள் குழு தபால் மூலம் அமைக்கப்பட்டது. தாங்கள் அனுப்பிய விலாசங்களுக்கு முப்பத்தாறு கடிதங்கள் எழுதப்பட்டன. ஏழு வாரங்களில் முப்பத்தாறு பதில்களும் வந்துவிட்டன. சிங்களத்தில் வந்தவற்றை உப தபாலதிபர் மக்கீன் வாசித்துச் சொன்னார். முல்லைத்தீவுப் பக்கத்து சரோஜினிதேவி, இடம்பெயர்ந்த முகாமிலும் கூடாரம் கூடாரமாகக் கடிதம் கொடுத்த நாட்களின் பதிவை வைத்திருக்கிறார். ஜவாத், உப்பளப் பாதையில் தேய்ந்த சைக்கிள் டயரைச் சான்றாகக் கொண்டுவரலாமா என்று கேட்கிறார். வேண்டாம் என்று எழுதியிருக்கிறேன். தெனியாயவில் சுடலைமுத்து என்பவர் இருபத்தாறு வருஷத்து வரவுப் பதிவேடு முழுவதையும் கையால் பிரதி எடுத்து, அவருடைய உப தபாலதிபரின் கையொப்பத்தோடு அனுப்பியிருக்கிறார். முப்பத்தேழு பேரின் சான்றுகளும் தயார். குழுவின் செயலாளராக, தபால் வாக்கில், என்னைத் தெரிவுசெய்திருக்கிறார்கள்.

விசாரணைக்குத் திகதி பெற்றுத்தருவது சங்கத்தின் கடமை. பதினான்கு நாட்களுக்குள் எதிர்பார்க்கிறோம்.

இங்ஙனம்,
க. ஜீவராஜ், செயலாளர்

அக்கா, இது தனி. நீங்கள் ஜூலையில் போட்ட இரண்டு தபாலட்டையும் கிடைத்தன. கோபம் போகவில்லை. ஆனால் இந்த ஏழு வாரமாக விடிந்தால் எழும்ப ஆசையாக இருக்கிறது. பையைத் திறந்தால் எனக்கு ஒரு கடிதமாவது இருக்கும். மாத்திரை போடுங்கள்.

கொட்டாஞ்சேனை
07.08.2023

அன்புள்ள செயலாளர் தம்பிக்கு,

பதினான்கு நாள் கொடுத்தாய். எட்டு நாளில் திகதி வாங்கிவிட்டேன். பதினெட்டாம் திகதி, காலை ஒன்பது மணி, கண்டி. மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு. ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தவள் என்பதால் என்னை உள்ளே விடமாட்டார்களாம். நீதான் பேச வேண்டும். உன் உத்தியோகக் கடிதத்தை இராஜநாயகம் ஐயா இரண்டு தரம் வாசித்துவிட்டு, "இவனை முதலிலேயே கொழும்புக்குக் கூப்பிட்டிருக்க வேணும்" என்றார். கொன்ஸ்ரன்ஸ் அதைச் சுவரில் ஒட்டிவிட்டாள்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. முழங்காலுக்குப் பட்டி கட்டிக்கொண்டு போ. முடிந்ததும் ஒன்று விடாமல் எழுது. போனில் முடிவை மட்டும் சொல், மிச்சம் கடிதத்தில் வரட்டும்.

அக்கா

ஆனைப்பாறை
20.08.2023

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம். முடிவைப் போனில் கேட்டு நீங்கள் அழுதீர்கள், பிறகு சிக்னல் போய்விட்டது. மிச்சத்தை எழுதுகிறேன்.

முப்பத்தேழு பேரும் வந்தார்கள். கடிதத்தில் மட்டும் தெரிந்தவர்களை முகம் பார்த்தோம். கையெழுத்தை வைத்து உயரமாக நினைத்த சரோஜினிதேவி அக்கா என் தோளுக்கும் இல்லை. ஜவாத் டயரைக் கொண்டுவந்தேவிட்டார்.

உள்ளே இரண்டு மணித்தியாலம். சான்றுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார்கள். விசாரணைக் குழுவின் தலைவியாக இருந்த சிங்கள அம்மா நல்ல கேள்விகள் கேட்டார். கடைசியில் ஒரு தாள் என் முன்னால் வந்தது. முப்பத்தாறு பெயர். என் பெயர் பதினோராவது. சுடலைமுத்து அண்ணனுக்கு மட்டும் இல்லை. ஐம்பத்தெட்டு வயது, ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம்தானே, எதற்கு என்றார்கள். எங்கள் குழு சார்பில் நான் கையெழுத்து வைத்தால் அன்றைக்கே முடிந்துவிடும்.

பேனா கையில் இருந்தது. பொய் சொல்லமாட்டேன் அக்கா, பதினோராவது வரியைத்தான் முதலில் பார்த்தேன். நிஷாந்தி தைத்த பொத்தானைப் பார்த்தேன். நீங்கள் தனியாக இப்படி ஓர் அறையில் இருந்திருக்கிறீர்கள் என்று அப்போதுதான் விளங்கியது. நான் பேனாவை வைத்துவிட்டு, வெளியே போய்க் கேட்டு வருகிறேன் என்றேன்.

முற்றத்தில் எல்லோரையும் கூட்டி உள்ளதைச் சொன்னேன். சுடலைமுத்து அண்ணன், "எனக்காக நீங்க கெட வேணாம், போட்டுருங்க தம்பி" என்றார்.  சரோஜினிதேவி அக்கா தரையில் உட்கார்ந்தார். பிறகு எல்லோரும் உட்கார்ந்தோம். நான் உள்ளே போய், "முப்பத்தேழு பேருக்கென்றால் கையெழுத்து வைக்கிறேன் அம்மா, இல்லாவிட்டால் நாங்கள் முற்றத்தில் இருக்கிறோம்" என்று சொல்லிவிட்டு வந்து அவர்களோடு உட்கார்ந்தேன். பதினொரு மணியிலிருந்து மூன்றரை வரை. ஒரு மழை வந்து போனது, ஒருவரும் எழும்பவில்லை.

மூன்றரைக்கு அந்த அம்மா தாளோடு வாசலுக்கே வந்தார். கடைசி வரியில் பேனாவால் அவரே எழுதிய பெயர் ஈரமாக இருந்தது. "ஹரி, திஸ்ஹதம" என்றார். முப்பத்தேழும் சரியாம். ஜவாத் டயரைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடினார். நான் கையெழுத்துப் போட்டேன், கொஞ்சம் கோணல். சுடலைமுத்து அண்ணன் கத்தவும் இல்லை, அழவும் இல்லை. நாலரை பஸ்ஸைப் பிடித்தால்தான் மறுநாள் காலைத் தபால் பைக்குப் போகலாம் என்று செருப்பைத் தேடினார்.

அக்கா, இந்த இரண்டு நாளாக யோசித்தேன். உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அந்தப் பெயரை வெட்டியிருப்பேன். ஆனால் வெட்டும் முன் உங்களைக் கேட்டிருப்பேன். இதைச் சொல்லிவிட்டேன், இனி மனதில் ஒன்றும் இல்லை.

மலைநாட்டுக் கிளைச் செயலாளர் தேர்தலுக்கு என்னை நிற்கச் சொல்கிறார்கள், நிற்கப்போகிறேன். செயற்குழுவில் உங்களுக்கு எதிராகக் கை தூக்க வேண்டி வந்தால் தூக்குவேன். அதற்கு முந்தின நாளே உங்களுக்குக் கடிதம் போட்டுவிட்டுத்தான்.

தீபாவளிக்கு நீங்கள் வரவேண்டும் என்று நிஷாந்தி சொல்கிறாள். கொன்ஸ்ரன்ஸ் அம்மாவையும் கூட்டி வாருங்கள்.

என்றும் உங்கள் தம்பி,
ஜீவராஜ்